பாட்டு யாருக்குச் சொந்தம்?

நமக்குப் பிடித்த பாடகர் ஒருவர், நாம் நாலு பேர் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர், சினிமாவுக்குப் பாட்டு எழுதிவிட்டால் நமக்கு ஏன் கோபம் வருது? அது நியாயமா? எலியட் ஸ்மித்தைக் கேட்க ஆரம்பித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் பாடிக்கொண்டிருந்தவர் அவர். ஒரு கிட்டார், காதருகே முணுமுணுக்கிற குரல், அவ்வளவுதான். 1994-இல் வந்த முதல் தனி ஆல்பத்தை ஒரு வீட்டின் நிலவறையில், நாலே தடம் உள்ள பதிவுக் கருவியில் செய்தார். அதே நகரில் வாழ்ந்த இயக்குநர் கஸ் வான் சாண்ட், தன் ‘குட் வில் ஹன்டிங்’ (1997) படத்தில் இவருடைய பழைய பாடல்கள் சிலவற்றைச் சேர்த்தார். கூடவே ‘மிஸ் மிசரி’ என்ற புதுப் பாட்டும் வந்தது. அதற்கு ஆஸ்கர் பரிந்துரை. 1998 மார்ச்சில் வெள்ளை சூட் போட்டு அந்தப் பெரிய மேடையில் பாடினார். விருது செலின் டியோன் பாடிய ‘டைட்டானிக்’ பாட்டுக்குப் போனது.

அந்தரங்கமான குரலை இப்படி விற்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பொறியியல் படிக்கிறவனுக்கு எதையும் பிரித்துப் பார்க்கிற புத்தி. அந்த அந்தரங்கம் எப்படி உண்டாகுதுன்னு பார்த்தேன். ஒரே வரியை இரண்டு தடவை பாடி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார். நமக்கு மட்டும் தனியாகப் பாடுகிறார் என்று நாம் உருகுகிற இடத்தில் இரண்டு எலியட் பாடிக்கொண்டிருக்கிறார்கள்! இதனால் அது பொய்யாகிவிடவில்லை. படத்துக்காக எழுதிய பாட்டு மட்டும் எப்படிப் பொய்யாகும்? பசிக்குதுன்னு நாம் கேட்ட பிறகு அம்மா ஆக்கிய சோறு, சோறு இல்லையா?

கோபத்துக்கு உண்மையான காரணம் வேறு என்று நினைக்கிறேன். ‘நான் கேட்பது ஆழம், நீ கேட்பது குப்பை’ என்கிற பெருமை. எங்கள் ஃபேகல்டியிலேயே டைட்டானிக் பாட்டு கேட்டால் முகம் சுளிக்கிற கூட்டம் இருக்கு. எலியட்டோ செலின் டியோனைக் கிண்டல் செய்தவர்களோடு சேரவில்லை. மேடைக்குப் பின்னால் அவர் தன்னிடம் அன்பாக நடந்துகொண்டதைத்தான் பேட்டிகளில் சொன்னார். தோற்றவருக்கே இல்லாத கசப்பு ரசிகனுக்கு எதுக்கு?

இதைவிட உறுத்துகிற விஷயம் ஒன்று. மனச்சோர்வு, குடி, போதைப்பொருள் எல்லாவற்றோடும் போராடி, 2003-இல் 34 வயதில் இறந்தார். புகழ்தான் அவரைக் கெடுத்தது என்று சொல்லிவிடுவது சுலபம். அந்த வலி படத்துக்கு முந்தைய பாடல்களிலேயே இருக்கே! அதைத்தானே நாம் ‘அழகு’ என்று ரசித்தோம்? அவர் சின்ன அறையில் சோகமாகவே இருக்கணும், நமக்குப் பாட்டு வந்துகொண்டே இருக்கணும் என்று ஆசைப்படுவதற்கு நேசம் என்று பேர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆஸ்கருக்குப் பிறகு அதே 1998-இல் ‘எக்ஸ்ஓ’ வந்தது. பெரிய நிறுவனம், பியானோ, வயலின் எல்லாம் உண்டு. ராத்திரி ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டுப் பாருங்க. அந்த அடுக்கிய குரல் இன்னும் காதுப் பக்கத்திலேதான் இருக்கு.