பயமும் அனுமதியும்

ருஷ்யக் குடியானவன் காட்டில் வழி தப்பினால், தப்பவைத்தவன் லேஷி. காட்டுக்கு உரியவன். மரங்களுக்கிடையே மரத்தின் உயரம் இருப்பான். காட்டின் விளிம்புக்கு வந்தால் புல்லின் உயரம். அவனிடமிருந்து மீளச் சட்டையை உட்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். மாடு மேய்ப்பவர்கள் அவனோடு முன்கூட்டியே உடன்படிக்கை செய்துகொள்வதும் உண்டு.

மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது சௌகரியம். எனக்கு இதில் ஒரு தார்மீகப் பிரச்னை தெரிகிறது. பயந்து கோடரியைக் கீழே வைப்பவனின் அடக்கம் அறமாகுமா?

திருவண்ணாமலையில் இக்கேள்வி ஸ்தூலமாகவே நிற்கிறது. இங்கே மலையே சிவன். 14 கிலோமீட்டர் சுற்றி வந்து வணங்குகிறோம். அந்த மலைதான் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் தீக்கும் இரையாகி 1980களில் பெரும்பாலும் மொட்டையாகக் கிடந்தது. மரம் நடும் முயற்சிகள் பிறகுதான் வேரூன்றின. பக்தி மலையைப் பார்த்தது, மரத்தைப் பார்க்கவில்லை. எங்கும் நிறைந்தவன் எதையும் மன்னிப்பான் என்ற நிம்மதி பக்தனுக்கு.

இதே வட்டாரத்தில் வேடியப்பன் இருக்கிறான். செங்கம் பக்கத்து நடுகற்கள் பல இன்று வேடியப்பனாக வழிபடப்படுகின்றன. ஆநிரைப் பூசலில் மாண்ட வீரர்களின் கற்கள் அவற்றில் உண்டு. லேஷி காட்டின் பிறவி. வேடியப்பன் மனிதனாக இருந்து செத்தவன். ஆனால் இருவரும் எங்கும் நிறைந்தவர்கள் அல்லர். ஓர் இடம் அவர்களுடையது, நுழைகிறவன் அன்னியன். கோயில்காட்டில் சுள்ளி ஒடிக்கத் தயங்கும் கை தண்டனையை மட்டும் நினைத்துத் தயங்கவில்லை. இது என்னுடையதல்ல என்ற பிரக்ஞை அதில் இருக்கிறது. பயம் மேல்தோல். உள்ளே இருப்பது அனுமதி கேட்கும் குணம். அதை அறம் என்பதே என் கட்சி.

இந்தப் பயம், சாமியை அறிந்தவனை மட்டுமே கட்டும் என்பதும் உண்மை. 2000களில் இதே ஊருக்கு அருகே கவுத்திமலையிலும் வேடியப்பன்மலையிலும் இரும்புத்தாது வெட்டத் திட்டம் வந்தது. திட்டம் போட்டவர்களுக்கு அது தாது மட்டுமே. எதிர்த்து நின்றவர்கள் சுற்றுக் கிராமத்தார்.

நான் நம்பாதவன். லேஷியும் வேடியப்பனும் எனக்கு இல்லை. ஆனால் கேட்க ஆளில்லை என்பதால் கேட்கவே வேண்டாம் என்று ஆகிவிடுமா? பகுத்தறிவு பயத்தைப் போக்கியது நல்லதுதான். அதோடு அனுமதி கேட்கும் குணமும் போயிற்றென்றால் நஷ்டக் கணக்கை நாம்தான் எழுதவேண்டும். லேஷிகூடக் காட்டின் விளிம்பில் புல்லளவாகிவிடுகிறான். நாம் எந்த விளிம்பிலும் குறைவதாக இல்லை.