பாயில் இல்லாத பெயர்

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை. மயிலாப்பூரில் நண்பர் ஒருவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்குவதற்கு இடம் தேடி ஒரு பழைய வீட்டுத் திண்ணையில் ஏறினேன். ஏறிய பிறகுதான் அது கடை என்று தெரிந்தது. ரேழியிலும் கூடத்திலும் மர அலமாரிகளைப் போட்டு, கையால் செய்த பொருள்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

மழைக்கு ஒதுங்கியவன் சும்மா நிற்பது மரியாதை அல்லவே என்று உள்ளே போனேன். மானாமதுரைப் பானைகள், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைகள், செட்டிநாட்டுப் பனையோலைக் கொட்டான்கள், நீலகிரித் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூலோட்டிய போர்வை ஒன்று. தனி அலமாரி ஒன்றில் இந்தக் காலத்து இளம் கலைஞர்கள் சிலருடைய கைவேலை: சுட்ட மண் கிண்ணங்கள், மரத்தில் செதுக்கி அச்செடுத்த படங்கள். கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் செய்தவருடைய கையெழுத்து இருந்தது. படங்களின் மூலையிலும் இருந்தது.

கூடத்தின் கோடியில் சுருட்டி வைத்திருந்தது ஒரு பத்தமடைப் பாய். திருநெல்வேலிச் சீமைக்காரனுக்கு அதைப் பார்த்த பிறகு வேறு எதன் மீதும் கண் போகாது. பிரித்துப் பார்த்தேன். பட்டுப் பாய் என்று சொல்வோமே, அந்த ரகம். துணியைப் போல மடிந்தது. விலை 3,200 ரூபாய் என்று எழுதியிருந்தது.

"ஏம்மா, பாய் ஒன்றுக்கு இவ்வளவா? இரண்டாயிரத்துக்குத் தர மாட்டீர்களா?" என்று கேட்டேன்.

கடையைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தாள். "சார், அந்தக் கிண்ணத்தையும் எடுத்துப் பார்த்தீங்க, படத்தையும் பார்த்தீங்க. அதுக்கெல்லாம் விலை குறைச்சுக் கேட்கலையே. எல்லாருமே இப்படித்தான் சார். பேர் போட்டதுக்கு யாரும் பேரம் பேசறதில்லை. பாய்க்கும் பானைக்கும்தான் பேசறாங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. வாசகர்களிடம் ஒளிப்பானேன்? கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். சன்மானம் குறைவாக அனுப்பிய பத்திரிகைக்கு, 'எழுத்தாளனின் உழைப்புக்கு மதிப்பில்லையா?' என்று காரசாரமாகக் கடிதம் எழுதியிருக்கிறேன். ஒருமுறை கதைக்கு மேலே என் பெயரை அச்சுப் பிழையோடு போட்டுவிட்டார்கள் என்பதற்காக இரண்டு நாள் தூக்கம் இல்லாமல் கிடந்தவன். அப்படிப்பட்ட மனிதன், வாரக்கணக்கில் உட்கார்ந்து நெய்த ஒரு பாயின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானதை, நெய்தது யார் என்று கேட்கக்கூடத் தோன்றாமல், ஒரே மூச்சில் தள்ளிவிடப் பார்த்தேன். அதைச் சாமர்த்தியம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு பத்தமடைப் பாய் உண்டு. ஆச்சியின் கல்யாணப் பாய். எங்கள் பக்கத்தில் மணமகன், மணமகள் பெயரைப் பாயிலேயே நெய்து வாங்குவது வழக்கம். ஆச்சி பெயரும் தாத்தா பெயரும் சிவப்புக் கோரையில் அதில் இருக்கின்றன. சின்ன வயதில் அந்த எழுத்துக்களின் மேல் விரலை ஓட்டித்தான் நான் எழுத்துக் கூட்டப் பழகினேன். பாயில் படுக்கப் போகிறவர்களின் பெயர் இருக்கிறது. நெய்தவர் பெயர் எங்கே என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. அந்த இரண்டு பெயர்களையும் ஒவ்வோர் இழையாக நெய்தவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும் அல்லவா?

கோரையை அறுத்து வந்து வெயிலில் காய வைக்க வேண்டும். பிறகு நாள் கணக்காகத் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். ஊறிப் பருத்ததை நெடுக்காகக் கீற வேண்டும். பாய் நயமாக வர வேண்டுமானால் மெல்லிசாகக் கீற வேண்டும். சாயம் ஏற்றி, பருத்தி நூலைப் பாவாகக் கட்டி, ஒவ்வொரு கீற்றாக ஊடே செலுத்தி நெருக்க வேண்டும். இவ்வளவையும் செய்கிறவர்களில் பெரும்பாலோர் பத்தமடையில் உள்ள முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். ஊர்ப் பெயர் உலகம் முழுவதும் போயிற்று. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்தது. பத்தமடைப் பாயும் அந்தப் பதிவைப் பெற்றிருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் அந்தச் சட்டம் காப்பது ஊரின் பெயரை. ஊருக்குள் இருக்கிற மனுஷியின் பெயரைச் சொல்வது அதன் வேலை அல்ல.

இந்த இடத்தில் எனக்கு எதிர்க்கட்சி ஒன்று உண்டு என்பதை அறிவேன். என் நண்பர் ஒருவர் அந்தக் கட்சியைச் சேர்ந்தவர். "பெயரைப் பொறிப்பது மேல்நாட்டுச் சுபாவம் ஐயா. சுவாமிமலை ஸ்தபதி தாம் வார்த்த நடராஜர் மேல் கையெழுத்தா போடுகிறார்? 'நான்' என்பது அழிந்த இடத்தில்தான் கலை பிறக்கிறது" என்பார்.

அவர் சொல்வதில் அழகு இருக்கிறது; ஆகவே எளிதில் தள்ளிவிட முடியவில்லை. ஜப்பானில் யானகி சோயெத்ஸு என்று ஒரு பேரறிஞர் இருந்தார். பெயர் தெரியாத கைவினைஞர்கள் அன்றாட உபயோகத்துக்குச் செய்த பொருள்களில்தான் உயர்ந்த அழகு இருக்கிறது என்பது அவர் கொள்கை. அத்தகைய பொருள்களுக்காகவே 1936-இல் டோக்கியோவில் ஒரு காட்சிச்சாலையை நிறுவினார். அவருடைய தோழர் ஹமாதா ஷோஜி பெரிய குயவர். அவர் தம் மண்பாண்டங்களில் கையெழுத்துப் போடுவதையே நிறுத்திவிட்டார். 1955-இல் ஜப்பானிய அரசாங்கம் அவரைத் தேசத்தின் வாழும் செல்வமாக அறிவித்தது. யோசித்துப் பாருங்கள். கையெழுத்தில்லாத அந்தப் பானையை அவருடையது என்று நாடே கண்டுகொண்டது. அவர் பெயரை வேண்டாம் என்றார். வேண்டாம் என்று சொல்ல அவரிடம் ஒரு பெயர் இருந்தது. கையில் இருப்பதைக் கீழே வைப்பவன் துறவி. கையில் இருந்ததைப் பிறர் பிடுங்கிக்கொண்டால் அவனுக்குத் துறவி என்றா பெயர்?

நம் நாட்டிலும் பெயரே இல்லாமல்தான் எல்லாம் நடந்தது என்பது சரியல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், கோயிலைக் கட்டிய பெருந்தச்சனுடைய பெயர் குஞ்சரமல்லன் என்று இருக்கிறது. ராஜராஜன் அங்கே குடியேற்றிய நானூறு தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்ற விவரத்தோடு கல்லில் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு சக்கரவர்த்திக்கு, தன் பெயரோடு அவர்களுடைய பெயரும் நிற்கட்டும் என்று தோன்றியிருக்கிறது.

சரி, கிராமத்துக் குயவர் பானையில் பெயர் எழுதினாரா? இல்லை. எழுத வேண்டிய அவசியமே அவருக்கு ஏற்படவில்லை. பானை ஒழுகினால் ஆச்சி அதை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே அவர் வீட்டு வாசலுக்குப் போவாள். "வேளாரே, இதென்ன பானையா, சல்லடையா?" என்று கேட்பாள். அவரும் சும்மா இருக்க மாட்டார். "அடுப்பில் பச்சைத் தண்ணியை ஊத்தினா எந்தப் பானைதான் தாங்கும், ஆச்சி?" என்பார். கடைசியில் வேறு பானை வரும். பொருளில் பெயர் இல்லாவிட்டாலும் ஊரில் பெயர் இருந்தது. அந்தக் காலத்தில் எல்லாம் பொன்னாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வேளாரை ஆச்சி திண்ணையில் உட்காரச் சொன்னதில்லை. கூலியாக அளந்த நெல்லும் தாராளமாக இருந்ததில்லை. ஆனாலும் செய்தவர் யார், வாங்கினவர் யார் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

சந்தை பெரிதாகப் பெரிதாக அந்த வாசல் மறைந்துவிட்டது. பாய் பத்தமடையிலிருந்து கைமாறிக் கைமாறி மயிலாப்பூருக்கு வந்து சேரும்போது அதற்கு ஊர் மட்டும் மிஞ்சுகிறது. யாரிடமிருந்து குறைக்கிறோம் என்று தெரியாதபோது விலையைக் குறைத்துக் கேட்பது வெகு சுலபம். முகம் தெரியாதவர் வயிற்றில் அடிப்பது போன்ற வலி இல்லாத காரியம் உலகத்தில் வேறு இல்லை.

கலைஞன் வேறு, கைவினைஞன் வேறு என்று நாம் போட்டுக்கொண்டிருக்கும் கோடும் இதற்குத் துணை செய்கிறது. அந்தக் கோடு எவ்வளவு பொய்யானது என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி உண்டு. 1966-இல் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரும் அவரைச் சேர்ந்த ஓவியர்களும் சிற்பிகளும் கடற்கரையோரம் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். படங்களை வாங்க ஆள் இல்லாத காலம். பாத்திக் துணியும் பிற கைவேலைகளும் செய்து விற்று, அந்த வருமானத்தில் நின்றுகொண்டு படம் வரைந்தார்கள். மெழுகைத் துணியில் ஓட்டிய அதே கைதான் தூரிகையையும் பிடித்தது. துணிக்கு ஒரு கை, படத்துக்கு ஒரு கை என்று அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. நாம் மட்டும் ஒன்றின் முன்னால் கைகட்டி நிற்கிறோம். மற்றொன்றின் முன்னால் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறோம்.

இதனால், கைவினைப் பொருளைக் கண்டால் கேட்ட விலையைக் கொடுத்துக் கும்பிட்டுவிட்டு வர வேண்டும் என்று சொல்கிறேனா? அதுவும் இல்லை. இரக்கப்பட்டு வாங்குவது பேரம் பேசுவதைவிட மோசமான அவமரியாதை. 'ஐயோ பாவம்' என்று வாங்கிய பாயை யாரும் விரித்துப் படுப்பதில்லை. பரண்மேல் போட்டுவிட்டுத் தர்மம் செய்த திருப்தியோடு தூங்குகிறார்கள். ஓரம் கோணினால் கோணல் என்றுதான் சொல்ல வேண்டும். கையால் செய்தது என்பதற்காகக் கோணலை அழகு என்று புகழ்ந்தால், வேலை தெரிந்த கைக்கு அதைவிட வேறு வசவு வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாலு பேர் படுக்க ஒரே அறை, மாதக் கடைசியில் கையில் நூறு ரூபாய் என்று இருக்கிற குடும்பம் பிளாஸ்டிக் பாய் வாங்கினால் அதைக் குறை சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை. பட்டுப் பாய் நெய்கிறவளே தன் வீட்டில் பட்டுப் பாயில் படுப்பாள் என்று நான் நம்பவில்லை. என் கேள்வி அவர்களை நோக்கி அல்ல. ஓட்டலில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு, பாய்க்காரியிடம் மட்டும் கணக்குப் பார்க்கிற என்னைப் போன்றவர்களை நோக்கித்தான்.

மழை விட்டிருந்தது. பாயைத் திருப்பியபோது ஓரத்தில் ஒரு சின்னச் சீட்டு கட்டியிருப்பதைக் கண்டேன். நெய்தவர் பெயர், நெய்து முடிக்க ஆன நாள்கள், இரண்டும் மையால் எழுதியிருந்தன. பேரம் பேசுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அப்படிக் கட்டத் தொடங்கினாளாம். "சீட்டுக் கட்டினதிலிருந்து கொஞ்சம் பேராவது யார் என்னன்னு கேட்கிறாங்க சார்" என்றாள்.

"பெயர் எழுதியதில் அவர்களுக்குச் சந்தோஷம்தானே?" என்று கேட்டேன்.

"எங்க சார்! இந்தப் பாய் நெஞ்ச அம்மா முதல்ல ஒத்துக்கவே இல்லை. 'என் பேரு எதுக்கும்மா? பாய் கிழிஞ்சா திட்டறதுக்கா?'ன்னு கேட்டாங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். 3,200 ரூபாயைக் கொடுத்துவிட்டுப் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். ஆனால் அந்த அம்மாள் கேட்ட கேள்வி கூடவே வந்தது. வேடிக்கையாகக் கேட்டிருந்தாலும் விஷயத்தின் அடிமுடிச்சு அதில்தான் இருப்பதாக எனக்குப் பட்டது. ஆம் அம்மா, திட்டுவதற்கும்தான். நன்றாக இருந்தால் உங்களை நினைத்துக்கொள்வதற்கும், கிழிந்தால் உங்களிடம் வந்து நிற்பதற்கும், நான் சொல்வது அநியாயமானால் 'அடுப்பில் பச்சைத் தண்ணியை ஊத்தினா?' என்று நீங்கள் என்னைத் திருப்பிக் கேட்பதற்கும்தான் பெயர். கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் இரண்டு பேர் இருந்தால்தான் அது கொடுக்கல் வாங்கல். ஒருவர் மட்டும் இருந்தால் அதில் நியாயம் பேச இடம் ஏது?

வீட்டுக்கு வந்து பாயை விரித்தேன். சீட்டை அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிறகு பரணிலிருந்து ஆச்சியின் பாயையும் இறக்கிப் பக்கத்தில் விரித்தேன். இரண்டு பெயர்களும் மங்கிப்போயிருந்தாலும் படிக்க முடிந்தது. முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பார்த்தேன். மூன்றாவது பெயர் எங்கேயும் இல்லை. கேட்டிருந்தால் ஆச்சிக்குத் தெரிந்திருக்கும். அவள் இருந்தவரைக்கும் நான் கேட்கவில்லை.