மீட்டாத காந்தாரம்

பத்து நாள் மௌனமாக இருக்கும் விபஸ்ஸனா முகாமில் தியானத்தை நடத்துகிறவர் உயிரோடு இல்லை. எஸ்.என். கோயங்கா 2013-இல் காலமானார். இன்றைக்கும் கூடத்தில் பதிவான அவருடைய குரல்தான் தொடங்கச் சொல்கிறது, முடிக்கச் சொல்கிறது. முன்னால் உட்கார்ந்திருக்கும் உதவி ஆசிரியர் பதிவை ஓடவிடுவார். சந்தேகம் கேட்டால் இரண்டு வார்த்தையில் பதில் சொல்வார். கோயங்கா 1924-இல் மாண்டலேயில் பிறந்த வியாபாரி. தீராத ஒற்றைத் தலைவலியோடு ஊ பா கின் என்ற பர்மிய அரசாங்கக் கணக்கதிகாரியிடம் போனவர், 1969-இல் இந்தியாவுக்கு வந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அவர் பாலியில் ஓதுவதை இனிமை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அடித்தொண்டையில் கிளம்பி, சொல்லின் கடைசி எழுத்தில் இழுபட்டு, கரகரத்து அடங்கும். முதல் நாள் எரிச்சலூட்டுகிற அந்த இழுவைக்காகவே, நாலாம் நாள் வலிக்கிற முழங்காலோடு காத்திருப்போம். அது கேட்டால் ஒரு மணி நேரம் முடியப்போகிறது என்று அர்த்தம்.

அந்தக் குரலில் எனக்குப் பிடித்தது, அது போய்விடும் என்பது. மேலுதட்டுக்கு மேலே, மூக்குத் துவாரத்தில் மூச்சு படும் இடத்தைக் கவனி என்று சொல்லும். பிறகு நீண்ட நேரத்துக்குப் பேச்சே இல்லை. கைபேசியில் கிடைக்கும் பெரும்பாலான வழிகாட்டும் தியானங்களுக்கு இந்தத் தைரியம் கிடையாது. புல்லாங்குழல், மழைச்சத்தம், நடுநடுவே ‘இப்போது நீங்கள் ஓர் ஏரிக்கரையில் இருக்கிறீர்கள்’. ஏரியைப் பார்த்து முடிப்பதற்குள் ஒளி வந்துவிடும், ஒளி போவதற்குள் பூ. தூக்கம் நன்றாக வருகிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. தாலாட்டு என்று பெயர் வைத்திருக்கலாம்.

*

விபஸ்ஸனா முகாமில் மந்திரத்துக்கு அனுமதி இல்லை. மூச்சோடு எந்தச் சொல்லையும் சேர்க்காதே என்பார்கள். சொல்லைப் பிடித்துக்கொண்டால் மனம் சீக்கிரம் குவிந்துவிடும்; ஆனால் உடம்பில் உள்ளபடி நடப்பது அந்தச் சொல்லுக்கு அடியில் மறைந்துபோகும் என்பது அவர்கள் தரும் காரணம். நியாயமான காரணம்தான். ஆனாலும் நாம் ஓசை வழியாகவே உள்ளே போய்ப் பழகிய கூட்டம். திருமந்திரத்தில் திருமூலர், யோகத்தில் அமர்ந்தவனுக்கு உள்ளே கேட்கும் ஓசைகள் பத்து என்கிறார். மணியும் கடலும் யாழும் அதில் இருப்பது சரி. யானையும் இருக்கிறது! கண்ணை மூடினால் யானை பிளிறும் என்று எழுத ஒருவர் எவ்வளவு நேரம் கண்ணை மூடியிருக்க வேண்டும்!

*

தம்புரா. தஞ்சாவூர்த் தம்புரா பலாமரத்தில் செய்வது. நாலே தந்தி: பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். பிருடையைத் திருகி நாலையும் சேர்த்துவிட்டாலும் முதலில் மொட்டையாகத்தான் கேட்கும். குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு துண்டு நூலை நுழைத்து, மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். அதற்கு ஜீவா என்று பெயர். ஓரிடத்தில் நூல் சரியாக உட்கார்ந்ததும் தந்தி வாய் திறந்ததுபோல ரீங்கரிக்கும். கொஞ்சம் தள்ளினால் மறுபடியும் மொட்டை. விரல் நுனிக்குத்தான் அந்த இடம் தெரியும். பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

சுருதி சுத்தமாகச் சேர்ந்தால் அந்தர காந்தாரம் என்ற ஸ்வரம் கேட்கும். நாலு தந்தியில் ஒன்றும் காந்தாரத்துக்குச் சேர்க்கப்படவில்லை, யாரும் அதை மீட்டவுமில்லை. சுயம்பு காந்தாரம் என்கிறார்கள். ஒரு கட்டைச் சுருதியில் மந்தரத் தந்தி வினாடிக்கு ஏறக்குறைய 65 தடவை அதிர்கிறது. அதே தந்தி தனக்குள் ஐந்து பங்காகவும் பிரிந்து அதிர்வதால் 325-ஐ ஒட்டி இன்னொரு ஒலி பிறக்கிறது, அதுதான் இது. கணக்கு தெரிந்த பிறகும் ஆச்சரியம் குறைவதில்லை. புதிதாகக் கேட்க உட்காருபவருக்குப் பெரும்பாலும் அது பிடிபடாது. தேடுகிற காதுக்கு ஸ-வும் ப-வும்தான் வரும். மீட்டிக்கொண்டே இருந்து, மனம் சலித்து, எதையும் எதிர்பார்க்காத ஒரு நேரத்தில் காந்தாரம் தலைக்கு மேலே எங்கிருந்தோ மிதந்து வரும். ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு கேட்காமல் இருக்க முடியாது. மூச்சும் எனக்கு இந்த வழியில்தான் பிடிபட்டது. உதட்டுக்கு மேலே ஒன்றுமே தெரியவில்லை என்று உட்கார்ந்திருந்த இடத்தில், அரிசி அளவுக்கு ஒரு குளிர்ச்சி முன்பே இருந்திருக்கிறது.

மந்திரம் கூடாது என்பவர்களிடம் தம்புராவைக் காட்டி வாதாட எனக்கு ஆசை உண்டு. அதில் சொல் கிடையாது, பொருள் கிடையாது. அங்கே வாத்தியத்தை உள்ளே விடமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

*

திருவண்ணாமலை ரமணாசிரமம். மௌனமே உயர்ந்த உபதேசம் என்றவர் இருந்த இடம். அவருடைய பழைய ஹாலில் உட்கார்ந்தால் மயில் அகவுகிறது. காதைக் கிழிக்கிற அகவல். செங்கம் சாலையில் லாரி ஹாரன். யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள். ஹாலுக்குள் இருப்பவர்கள் அசைவதில்லை. சத்தத்தை விரட்ட வேண்டும் என்ற வேலையை அங்கே யாரும் எடுத்துக்கொள்வதாகத் தெரியவில்லை. கதவடைத்த குளிர்சாதன அறைகளில்தான் ஒரு இருமலுக்குப் பத்துப் பேர் திரும்பிப் பார்க்கிறார்கள்.

*

விபஸ்ஸனாவில் பத்தாம் நாள் காலை, எல்லோருக்கும் நலம் வேண்டும் மைத்ரி தியானம் முடிந்ததும் மௌனம் விடுபடுகிறது. வாசலுக்கு வந்ததும் பறவைக்கூட்டம் இறங்கினமாதிரி ஒரே இரைச்சல். அத்தனை நாளும் அடுத்த ஆசனத்தில் இருந்தவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் எச்சில் விழுங்கும் சத்தம், கால் மாற்றும்போது வேட்டி உரசும் சத்தம், பாதி வழியில் நின்றுபோகும் பெருமூச்சு, எல்லாம் அத்துப்படி. குரலை மட்டும் கேட்டதில்லை. அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத கீச்சுக் குரல். கைகூப்பிவிட்டுக் கேட்டார்:

“ராத்திரி குறட்டை விடுறது நீங்கதானே சார்?”