மிஞ்சிய சுழற்சி

மின்சாரம் போனதும், அதுவரை காதில் விழாமலே இருந்த ஓசைகள் ஒவ்வொன்றாக அடங்குவது கேட்கும். மின்விசிறி முனகி நிற்கும். குளிர்பதனப் பெட்டி ஒருமுறை குலுங்கி ஓயும். அன்றிரவு இவை எல்லாவற்றுக்கும் முந்தி, கூடத்து மூலையில் இருந்த அப்பாவின் கணினியிலிருந்து ‘டிக்’கென்று ஒரு சிறு ஒலி வந்தது.

சிங்கப்பூரில், குவீன்ஸ்டவுனில் மெய் லிங் ஸ்திரீட் பக்கம் எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு. ஆண்டில் ஏறக்குறையப் பாதி நாள்கள் இடி கேட்கும் ஊர் இது. ஆனாலும் மின்வெட்டு அபூர்வம். 2018 செப்டம்பர் 18 விடியற்காலை ஏறக்குறைய 147,000 வீடுகளும் கடைகளும் இருண்டபோதுகூட 38 நிமிடத்தில் எல்லாம் திரும்பிவிட்டது. எங்களுக்கு அன்று நேர்ந்தது அவ்வளவு பெரியதில்லை. பழைய தண்ணீர் ஹீட்டரில் எங்கோ கசிவு. மெயின் ட்ரிப் ஆகிவிட்டது. 30 மில்லியாம்பியர் வழி தவறினாலே உயிரைக் காக்கத் தன்னை அறுத்துக்கொள்ளும் கருவி அது. காரணத்தைத் தேடாமல் நான் மூன்று முறை சுவிட்சை மேலே தள்ளினேன். மூன்று முறையும் வீடு ஒரு கணம் வெளிச்சமாகி மறுபடி இருண்டது. நான்காம் முறை, ஹீட்டரை அணைத்த பிறகு, விளக்குகள் நிலைத்தன. கணினி மட்டும் எழவில்லை.

அந்தக் கணினியில் அப்பாவின் குரல் இருந்தது.

தாத்தா மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவர். குவீன்ஸ்வே அருகே தண்டவாளத்தோரம் ரயில்வேத் தொழிலாளர்கள் வைத்து வணங்கிய முனீஸ்வரன்தான் இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலாக இருக்கிறார். ரயில் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு நின்றுபோனது, தடம் புல்வெளிப் பாதையாகிவிட்டது, சாமி இருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் அப்பா அங்கே போய்வந்து, விபூதி காய்வதற்குள் கணினி முன் உட்கார்ந்து ஒரு தேவாரப் பதிகத்தைப் பாடிப் பதிவு செய்வார். யாருக்காக என்று கேட்டால், பாடம் மறக்காமல் இருக்க என்பார். பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அது என் தவறு. அந்த இருட்டில் அது முழுதாக என் மேல் வந்து உட்கார்ந்தது.

மறுநாள் கணினியைத் தூக்கிக்கொண்டு சிம் லிம் ஸ்குவேருக்குப் போனேன். தேக்காவுக்கு எட்டும் தூரம்தான். போகும் வழியில் வீரமாகாளியம்மன் கோயிலில் நின்றேன். எதையும் கேட்கத் தோன்றவில்லை, நின்றேன், அவ்வளவுதான். கடையில் இருந்த சீன அங்கிள் மூடியைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். பவர் சப்ளைக்குள் இரண்டு கெப்பாசிட்டர்கள் தலை உப்பி இருந்தன. ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும்வரை உள்சூடே இவற்றை ஓட்டிவிடும், ஒருமுறை ஆறிவிட்டால் மறுபடி கிளம்பத் தெம்பு இருக்காது என்றார். அதிலும் நான் மூன்று முறை உலுக்கியிருக்கிறேன்.

டிஸ்க் என்று கேட்டேன். அது பிழைத்திருக்கும் என்றார். அவர் விளக்கியதைக் கேட்டு நான் அந்த முக்காலியிலேயே வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன்.

டிஸ்க்குக்குள் இருக்கும் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுழல்கிறது. அதைப் படிக்கும் முனை தட்டைத் தொடுவதில்லை. தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில், சுழற்சி எழுப்பும் காற்றின் மேல் மிதக்கிறது. மின்சாரம் சட்டென்று போனால் காற்று தளரும், முனை தட்டில் விழுந்து எழுத்தையெல்லாம் கீறிவிடும். விழாமல் காப்பது எது? வெளியிலிருந்து ஒன்றும் வருவதில்லை. தட்டு இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறது அல்லவா, அந்த மிச்சச் சுழற்சியில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி ஒரு துளி மின்சாரம் தருகிறது. முனையைத் தூக்கிப் பத்திரமான ஓரத்தில் சாத்திவைக்க அந்தத் துளி போதும். நான் கேட்ட ‘டிக்’ அதுதான்.

கோலை எடுத்த பிறகும் சுழலும் குயவன் சக்கரத்தை நம் ஞான நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்லும். சாங்கியத்திலும் உண்டு, வேதாந்தத்திலும் உண்டு. ஞானம் வந்த பின்னும் உடல் ஏன் நிற்கிறது என்பதற்கு விடையாக அதைச் சொல்வார்கள். பழைய வினையின் வேகம் தீரும்வரை ஓடும் என்பார்கள். அந்த வேகத்தைக் கழிக்க வேண்டிய பாக்கியாகவே நான் நினைத்திருந்தேன். அதுவே தூக்கிக் காப்பாற்றும் கையாகவும் இருக்கும் என்று அன்றுதான் பட்டது.

உண்மையில் அதை நான் ஏற்கெனவே கண்ணால் பார்த்திருந்தேன். பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்குப் பேச்சு போய்விட்டது. தண்ணீர் என்று சொல்ல வராது; அம்மாவின் பெயர் வராது. வார்த்தையைத் தேடித் தேடிக் கண் கலங்குவார். ஒரு வெள்ளிக்கிழமை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பதிகத்தின் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தார். அப்பா பாடினார். சொல் குழறாமல், பண் தவறாமல், பத்துப் பாட்டும். பேச்சு பெரும்பாலும் மூளையின் இடப்பக்கத்தை நம்பியிருக்கிறது, பாட்டு இரு பக்கமும் வேர் விட்டிருக்கும், ஆகவே இப்படி நடப்பதுண்டு என்று மருத்துவர் பிறகு சொன்னார். எனக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது. ஆனால் பாட்டு அந்தப் பக்கம் போய் வேர் விட்டதற்கு அத்தனை வெள்ளிக்கிழமைகள் ஆகியிருந்தன.

நோய் வந்த பின் ஓர் எழுத்துக்கூட அவர் புதிதாகக் கற்கவில்லை. கற்க முடியவும் இல்லை.

நான்கு நாள் கழித்துக் கணினி வீட்டுக்கு வந்தது. உள்ளே காசு அளவில் இருக்கும் பேட்டரியும் தீர்ந்துவிட்டது, வாங்கிப் போட்டுக்கொள் என்று அங்கிள் சொல்லியிருந்தார். இன்னும் போடவில்லை. திரை எழுந்தபோது ஓரத்தில் 2010 ஜனவரி 1 என்று காட்டியது. வெள்ளிக்கிழமை. அப்பா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆண்டு. கோப்புகள் வரிசையாக இருந்தன. ஒன்றைத் திறந்தேன். முதலில் தொண்டையைச் செருமும் ஓசை, பிறகு குரல்.

அம்மா அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு வந்து நின்றார். பாட்டு முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு திரையின் ஓரத்தைப் பார்த்தார்.

“தேதி தப்பா காட்டுதேய்யா. சரி பண்ணிடு. வர்ற வியாழக்கிழமை அப்பா திதி.”