புகையா, பனியா?

யாங்கோன் நகரின் கியாக்டடாவில், சூலே பகோடாவைச் சுற்றி நாள் முழுக்கக் கார்கள் வட்டமடிக்கின்றன. பெரும்பாலானவை ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்தவை. மியான்மர் 1970-ல் சாலையின் வலப்பக்கத்துக்கு மாறியது. இந்தக் கார்களில் பலவற்றுக்கு ஸ்டியரிங்கும் வலப்பக்கத்திலேயே இருக்கிறது. இப்படிக் கைமாறி வந்த ஒரு காரில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேனரை மாட்டினால் ஆக்சிஜன் சென்சாரைக் கைகாட்டும் ஒரு பிழைக் கோடு (code) வருகிறது. சென்சாரைக் கழற்றிப் புதியதைப் பூட்டுகிறார்கள். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் அதே விளக்கு, அதே கோடு.

அந்த மூன்றாம் நாளில் கார்க்காரர் மனத்தில் எழும் கேள்வி மிகப் பழையது. கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத காரணத்தை எப்படி அறிவது?

தமிழில் இந்தக் கேள்வியை மணிமேகலைக் காப்பியம் விரிவாக எடுத்துப் பேசுகிறது. அதன் 29-ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்தத் தருக்கம் கற்பிக்கிறார். மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகை தெரிகிறது என்பது ஏது, அதாவது காரணம். சமையற்கட்டில் புகையும் நெருப்பும் சேர்ந்தே இருப்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. இவ்வளவோடு அடிகள் நிறுத்துவதில்லை. ஏது போலத் தோன்றி ஏமாற்றும் போலிகளையும் வரிசைப்படுத்துகிறார். தெரிவது புகையா, ஆவியா, பனியா என்றே தெளியாதபோது நெருப்பு உண்டு என்று முடிவுகட்டுவது அவற்றில் ஒன்று. எதிரெதிரான இரு முடிவுகளுக்கும் பொருந்தும் ஏதுவைக் கொண்டு ஒரு முடிவை மட்டும் சாதிப்பது இன்னொன்று. அதற்கு அநைகாந்திகம் என்று பெயர்.

சென்சார் விஷயத்தில் இரண்டு போலிகளும் அப்படியே நிகழ்கின்றன.

ஆக்சிஜன் சென்சாரின் நுனியில் விரல்நுனி அளவுக்கு ஒரு சிர்கோனியா பீங்கான் குப்பி இருக்கிறது. உட்புறம் வெளிக்காற்று, வெளிப்புறம் எஞ்சின் புகை. இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் அளவின் வேறுபாடு சிறு மின்னழுத்தமாகிறது: புகையில் ஆக்சிஜன் மிஞ்சினால் சுமார் 0.1 வோல்ட், பெட்ரோல் மிஞ்சினால் சுமார் 0.9 வோல்ட். குப்பிக்குத் தெரிந்தது இவ்வளவே. அந்த ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது என்பது அதற்குத் தெரியாது. சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் குழாயின் கேஸ்கெட்டில் மயிரிழை விரிசல் இருந்தால், அதன் வழியே வெளிக்காற்று உள்ளே புகும். எஞ்சினில் பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டர் எண்ணி, மேலும் பெட்ரோலை ஊற்றும். பனியைப் புகை என்று கொள்ளும் பிழை இதுதான்.

பி0420 என்ற கோடு அநைகாந்திகத்துக்கு நல்ல சான்று. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்பது அதன் பொருள். அதைக் கண்டு சொல்வது கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார். கன்வெர்ட்டர் தேய்ந்தாலும் இந்தக் கோடு வரும், குழாய் கசிந்தாலும் வரும், சென்சாரே கெட்டாலும் வரும். சென்சாரை மாற்றிய பிறகும் அது திரும்பி வந்தால், பழைய சென்சார் உண்மையே சொல்லியிருக்க வாய்ப்பு அதிகம். சாட்சியைத் தண்டித்தாயிற்று, குற்றவாளி வெளியே.

விளக்கு அணைவதும் இப்படியே ஏமாற்றும். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் ஒரு அழுத்த வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டுப் பலகையில் அதன் விளக்கு அணைந்தது; ஊழியர்கள் வால்வு மூடிவிட்டதாக நம்பினார்கள். மூடச் சொல்லும் கட்டளை போய்விட்டது என்பதை மட்டுமே அந்த விளக்கு காட்டியது. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறி, உலையின் மையப்பகுதி ஓரளவு உருகிப்போனது.

மீண்டும் யாங்கோனுக்கு வருவோம். சூலே பகோடாவின் ஊரில் காரண காரியம் பற்றிய சிந்தனை வழிபாட்டின் பகுதியாகவே இருக்கிறது. அபிதம்ம பிடகத்தின் ஏழாம் நூலான பட்டானத்தை மியான்மர் பௌத்தர்கள் பெரிதும் போற்றுகிறார்கள். விழாக்களில் பிக்குகள் முறைவைத்து, இரவும் பகலும் இடைவிடாமல் அதை ஓதுகிறார்கள். அதில் சொல்லப்படும் 24 பச்சயங்களை, அதாவது சார்புகளை, மனப்பாடமாகச் சொல்லும் சாதாரண மக்கள் ஏராளம். முன்பே தோன்றித் துணைநிற்பது, கூடவே தோன்றித் துணைநிற்பது என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. அந்த நூல் பேசுவது மனத்தையும் உடலையும் பற்றித்தான், இயந்திரத்தைப் பற்றி அல்ல. ஆனால் ஒரு விளைவுக்கு ஒரே காரணம் என்று அவசரப்படாமல், அது எவற்றையெல்லாம் சார்ந்து நிற்கிறது என்று கேட்கும் பழக்கம் பட்டறைக்கும் பொருந்தும்.

கோடு எண்ணை அழித்து விளக்கை அணைத்துவிட்டுக் காரை விற்பவர்களும் உண்டு. இது பழுதுபார்ப்பு அல்ல, பொய். அழித்த கையோடு ஸ்கேனரை மாட்டினால், காரின் சுயசோதனைகள் இன்னும் முடியவில்லை என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

சென்சார் மாற்றியும் விளக்கு எரிகிறதா? இன்னொரு சென்சார் வாங்குமுன், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து எக்ஸாஸ்ட் இணைப்புகளில் 'டிக் டிக்' சத்தம் கேட்கிறதா பாருங்கள். கேஸ்கெட் ஓரத்தில் கரி படிந்திருக்கிறதா, புதிய சென்சாரின் வயர் எங்காவது சூடான குழாயில் உரசுகிறதா என்றும் பாருங்கள். பிறகு மெக்கானிக்கிடம் கோடு எண்ணை மட்டும் கேட்காமல், அந்தக் கோடுக்கு வேறு என்னென்ன காரணம் இருக்கலாம் என்றும் கேளுங்கள்.