எவ்வூரினர் என்று வினவினால்

ஆங்கிலம் பயிலத் தொடங்கும் பிள்ளைக்கு முதற்பாடமாக இரண்டு வாக்கியங்களைக் கற்பிக்கின்றனர். ‘மை நேம் இஸ்’ என்று பெயரையும், ‘ஐ ஆம் ஃப்ரம்’ என்று ஊரையும் சொல்லிவிட்டால் அறிமுகம் முடிந்தது. உத்தியோகத் தேர்வுக்குச் செல்லும் நம் இளைஞர்கள் இவற்றைப் பிழையின்றிச் சொல்லுகின்றனர். ஆனால் இரண்டாம் வாக்கியத்தின் ஈற்றில் எவ்வூரை வைப்பது என்பதில்தான் அவர்களுக்குத் தயக்கம். அத்தயக்கம் இலக்கணத்தைப் பற்றியதன்று, சீலத்தைப் பற்றியது என்பதால் அதனை ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

தமிழில் ‘எந்த ஊர்?’ என்று கேட்பவர் பெரும்பாலும் அவ்வினாவோடு நிற்பதில்லை. ஊரில் எந்தப் பக்கம், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று படிப்படியாக இறங்கி, தாம் அறிய விரும்பியதை அறிந்த பின்னரே ஓய்வார். மேலும் நம் கிராம வழக்கில் ஊர் வேறு, சேரி வேறு. சேரியில் பிறந்தவன் ஊரானாக எண்ணப்படுவதில்லை. ஆங்கிலத்து ‘ஃப்ரம்’ என்னும் சிறுசொல் இவ்வேற்றுமையை அறியாது. ‘யூ’ என்பதும் அத்தகையதே; நீ, நீர், தாங்கள் என்ற படிகள் அதில் இல்லை. பாட்டனாருக்கு மறுக்கப்பட்ட ஊரைப் பேரனுக்கு அந்நிய மொழி ஒரு மூச்சில் வழங்கிவிடுகிறது. தாய்மொழிப் பற்றுடைய நமக்கு இதனை எழுதக் கூசுகிறது. குற்றம் பேசினோருடையதே, மொழியினுடையதன்று என்று சொல்லி ஆறுதல் அடைகிறோம்.

ஆயினும் நம் நாட்டார் அம்மொழியிலும் பழைய வினாவைப் புகுத்தாமல் விடவில்லை. ‘நேட்டிவ் பிளேஸ்’ எது என்று கேட்கிறார்களே, அதுதான். கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்வோம். 1880-ஆம் ஆண்டையொட்டி ஜான் டெய்லர் கம்பெனியார் அங்குச் சுரங்கவேலையை மேற்கொண்டபின், வட ஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக நம்மவர் சென்று குடியேறினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கண்டவர்களும் அவர்களுள் இருந்தனர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அங்கே நான்காம் தலைமுறையில் பிறந்த பிள்ளையிடம் ‘நேட்டிவ் பிளேஸ்’ கேட்டால், தான் கண்ணாலும் காணாத ஒரு கிராமத்தைச் சொல்ல வேண்டியதாகிறது. முப்பாட்டனார் எந்த இழிவினின்று நீங்கி வந்தாரோ, அவ்விடத்துக்கே அவ்வினா அவனைத் திருப்பி அனுப்புகிறது.

‘ஐ ஆம் ஃப்ரம் கே.ஜி.எஃப்.’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வது பொய்யாகுமா என்று நம்மிடம் கேட்கிறார்கள். ஆகாது. சொன்னது உண்மை. கேட்டவர் வேறொன்றை அறியும் பொருட்டுக் கேட்டார் என்பதனால் அவ்வேறொன்று அவருக்குக் கடனாகிவிடாது. ஆனால் ஊரையோ பெயரையோ மாற்றிச் சொல்ல நேரும்போது வழக்கு இத்துணை எளிதன்று.

பாபாசாகேப் அம்பேத்கர் தம் வாழ்வில் இவ்விரு நிலைகளையும் கண்டவர். 1901-ஆம் ஆண்டளவில், சிறு பிள்ளையாகத் தந்தையைக் காணச் செல்லுகையில் மசூர் நிலையத்தில் இறங்கினார். நல்லுடை தரித்த பிள்ளைகளைக் கண்டு பரிவோடு வினவிய நிலைய அதிகாரியிடம் தாம் மகார் என்று யோசியாது சொல்லிவிட்டார். அதிகாரியின் முகம் மாறியது. வண்டிக்காரர் எவரும் ஏற்ற இசையவில்லை. இரட்டிப்புக் கூலி தந்து, பிள்ளைகள் தாமே வண்டியை ஓட்ட, வண்டிக்காரன் நடந்து வந்தான். பின்னர் 1917-இல், மேல்நாட்டில் உயர்கல்வி பெற்றுப் பரோடா சென்றபோது, தங்க இடமின்றிப் பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரைப் பதிந்து தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினர். மெய் சொன்ன பிள்ளைக்கும் மறைத்த அறிஞருக்கும் கிடைத்தது ஒன்றே.

பரோடாவில் நிகழ்ந்தது முசாவாதமா? பொய்யான பொருள் இருந்தது. நம்பவைக்கும் எண்ணமும் இருந்தது. ஆகவே நான்காம் சீலத்தின்படி அது பொய்யே என்பதை நாம் மறைக்கப் போவதில்லை. அதனைத் தம் கையாலேயே எழுதிவைத்த பாபாசாகேபும் மறைக்கவில்லை. ஆனால் கூரையின்றி நின்றவனையும் கூரைக்கு விலையாகப் பிறப்பைக் கேட்டவனையும் ஒரே தராசில் நிறுக்க நாம் உடன்படோம். சேதனையே கம்மம் என்று கொள்ளும் நம் தம்மத்தில், இவ்விருவர் சேதனையும் ஒன்றல்ல.

பகவன் புத்தரிடமும் இவ்வினா வந்தது. துறவு பூண்ட புதிதில் இராசகிருகத்து அருகே பிம்பிசார மன்னன் குலம் கேட்டபோது, இமயச்சாரலில் உள்ள தம் நாட்டையும் சாக்கியக் குலத்தையும் ஒளியாமல் சொன்னார். சுந்தரிகை ஆற்றங்கரையில், வேள்வியில் எஞ்சியதை அளிக்குமுன் பிறப்பை விசாரித்த பிராமணனிடமோ, பிறப்பைக் கேளாதே, ஒழுக்கத்தைக் கேள் என்னும் கருத்துப்பட மறுத்துரைத்தார். இரண்டிலும் பொய்யில்லை. பிராமணராகப் பிறந்து சங்கம் புகுந்ததனால் தம் இனத்தாரால் ஏசப்பட்ட வாசெட்டருக்கும் பாரத்துவாசருக்கும், நீவிர் யார் என்று எவரேனும் வினவினால் சாக்கியபுத்திரச் சமணர் என்று விடை கூறுமாறு பணித்தார். அவர்கள் தம் குலத்தின் உயர்வை விட்டு அவ்விடைக்கு வந்தார்கள். நாம் நம்மீது சுமத்தப்பட்ட தாழ்வை விட்டு வந்திருக்கிறோம்.

வீடு வாடகைக்குத் தேடி அலையும் இளைஞர் ஒருவர் சென்ற பௌர்ணமியன்று நம்மிடம் வந்து, “பௌத்தன் என்று சொன்னால், அதற்கு முன் என்ன என்று கேட்கிறார்களே ஐயா” என்றார். அதற்கு முன் எது என்று அவர்களிடமும் கேட்டுப்பார் என்று விளையாட்டாகச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. தாயாரும் தங்கையும் மாதக் கடைசிக்குள் குடிபெயர்ந்தாக வேண்டும் என்றார். நாம் சொன்ன விடை அவருக்குப் போதாது என்பதை உணர்ந்தோம். மறுநாள் காலை சங்கத்து உபாசகர் இருவர் அவரோடு வீடு பார்க்கச் சென்றார்கள்.