மறைப்பது யார் குற்றம்?



ஹட்டனுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்தில் ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி ஆசீர் பெற வந்தாள். இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டே வந்தாள். அவள் தலையை நோக்கி நான் கையை நீட்டியபோது, தாய் விரைந்து வந்து, "தொடாதீங்க சாமி, புள்ளைக்குச் சொறி" என்று காதோடு சொன்னாள். நீட்டிய கையை நான் இழுத்துக்கொண்டேன். காற்றிலே சிலுவை வரைந்து அனுப்பிவைத்தேன். சிறுமி என் கையைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

அன்று எழுந்த கேள்வியை இன்று உங்கள் முன் வைக்கிறேன். தொற்றும் நோயை அயலாருக்கு மறைப்பது குற்றமா? குற்றமாயின், அது யாருடைய குற்றம்?

முதலில் நோயை அறிந்துகொள்வோம். சொறி என்பது கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிறு பூச்சியால் வருவது. பெண் பூச்சி தோலின் மேற்படையில் சுரங்கம்போல் துளைத்து முட்டையிடுகிறது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு ஆகிய இடங்களில் அரிப்பெடுக்கும். இரவில் அது மிகும். இந்தப் பூச்சியே நோய்க்குக் காரணம் என்பதை இத்தாலிய மருத்துவர் பொனோமோ 1687-இல் எழுதி வெளியிட்டார். ஏழைத் தாய்மார் தம் பிள்ளைகளின் தோலிலிருந்து ஊசி முனையால் எதையோ எடுப்பதைக் கண்டதே அவருடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டியது. கற்றவர்கள் அறியுமுன்பே தாய்மார் அறிந்திருந்தார்கள்!

இந்நோய் அழுக்கினால் வருவது என்பது நம்மிடையே வேரூன்றிய தப்பெண்ணம். நாள்தோறும் குளிப்பவருக்கும் இது வரும். நெடுநேரம் தோலோடு தோல் ஒட்டியிருப்பதால்தான் இது பெரும்பாலும் பரவுகிறது. தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கும் ஒரு கணத்தில் பொதுவாகத் தொற்றிவிடாது. அன்று என் கையைப் பின்வாங்கச் செய்தது அறிவல்ல, அருவருப்பே என்பதைப் பிற்பாடு படித்தறிந்து நாணினேன்.

இப்போது நம் லயத்தை எண்ணிப்பாருங்கள். 10 அடிக்கு 12 அடி கொண்ட ஒரு காம்பரா. அதிலே அப்பாயி முதல் கைக்குழந்தை வரை ஐந்தாறு பேர். மலைக்குளிருக்கு ஒரே கம்பளிக்குள் மூன்று பிள்ளைகள் ஒட்டிப் படுக்கிறார்கள். ஒரு பிள்ளைக்குப் பூச்சி வந்தால் மற்றவை எப்படித் தப்பும்? முதல் முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்க நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். அதுவரை அவர் நோயற்றவர்போல் நடமாடுவார். அவரிடமிருந்தும் நோய் பரவும். அரிப்பவனுக்கு மட்டும் மருந்து பூசினால், பூச்சி அரிக்காதவனிடம் காத்திருந்து திரும்பி வரும்.

ஆகவே இது தனியாகக் குணமாக முடியாத நோய். இங்கேதான் அறநெறிக் கேள்வி பிறக்கிறது.

"என் உடல், என் வீட்டுச் சங்கதி. அதை ஊருக்குச் சொல்ல எனக்கு என்ன கடமை?" என்று ஒரு தாய் கேட்கலாம். இக்கேள்வியை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. தன் குடும்பத்தின் நற்பெயரைக் காப்பது அவளுடைய உரிமை. நாளை அவள் மகள் பெரியவளாகிப் பெண் பார்க்க வருவார்கள். "அந்த வீட்டிலே சொறி" என்ற பேச்சு அன்றும் எழும். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாதல்லவா?

ஆனால் மறுபக்கமும் உண்டு. அவள் மௌனத்தின் விலையை அடுத்த காம்பராக் குழந்தை கொடுக்கிறது. தீங்கு தோலோடு நிற்பதுமில்லை. சொறிந்த இடம் புண்ணாகிக் கிருமி புகுந்தால், சிலருக்குச் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும். ஒருவருடைய மானத்தைக் காக்க இன்னொருவருடைய பிள்ளை துன்புறுவது நீதியாகாது. எனவே, பழகுகிறவர்களுக்குச் சொல்லும் கடமை உண்டு என்றே கூறுவேன்.

இத்துடன் நிறுத்தினால் ஏழைத் தாயின் தலையில் பாரத்தை ஏற்றிவிட்டு நாம் கைகழுவியவர்களாவோம். சொல்லும் கடமை எங்கே உண்டோ, அங்கே இழிவின்றிக் கேட்கும் கடமையும் உண்டு. முன்னதைக் கேட்குமுன் பின்னதைச் செய்திருக்க வேண்டும். பீலியடியில் ஒருத்தி மெல்லத் தன் வீட்டு நோயைச் சொன்னதும், குடத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு முகஞ்சுளித்தவள் யார்? வகுப்பிலே பிள்ளையை எல்லோரும் பார்க்க எழுப்பி வீட்டுக்கு அனுப்பியவர் யார்? கையை இழுத்துக்கொண்ட குருவானவர் யார்? மறைக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் நாமே. அவள் மறைத்தது குற்றமென்றால், நம் பங்கே அதில் பெரிது.

நற்செய்தியில் தொழுநோயாளி ஆண்டவரிடம் வருகிறான். சட்டப்படி அவன் விலகி நிற்கவேண்டியவன். ஆண்டவர் ஒரு வார்த்தையால் குணமாக்கியிருக்கலாம். ஆனாலும் கையை நீட்டித் தொட்டார். அம்மனிதனுக்கு உடல்நலத்தோடு மனிதரிடையே ஓர் இடமும் தேவையென்று அவர் அறிந்திருந்தார்.

நீதியின் கேள்வியும் ஒன்றுண்டு. நெருக்கத்தால் பரவும் நோய்க்கு நெருக்கமே வேர். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டதிலிருந்து இம்மலைகளின் கொழுந்து உலகெங்கும் போகிறது. பறித்தவர்களிலோ பலர் இன்னும் ஒற்றைக் காம்பராவில் உறங்குகிறார்கள். காற்றோட்டமான வீடும் போதிய தண்ணீரும் கொடுக்காமல், "சுத்தமாக இருங்கள்" என்று உபதேசிப்பது எளிது.

கூடிச் செயற்பட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பிஜித் தீவுகள் சான்று. அங்கே 2012-இல் தொடங்கிய ஆய்வொன்றில், ஓரிடத்தில் நோய் கண்டவர்களுக்கும் அவர்களோடு நெருங்கியவர்களுக்கும் மட்டும் மருந்து கொடுத்தார்கள். ஓராண்டில் நோய் ஏறத்தாழப் பாதியளவே குறைந்தது. வேறோரிடத்தில், அரிப்பு உள்ளவர் இல்லாதவர் என்று பாராமல் ஊரார் அனைவருக்கும் ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்தார்கள். நூற்றுக்கு 32 பேருக்கு இருந்த நோய், ஓராண்டில் நூற்றுக்கு 2 பேராயிற்று. அங்கே எவரும் தனித்துச் சுட்டப்படவில்லை. ஆகவே எவரும் மறைக்கவும் வேண்டியிருக்கவில்லை.

குடும்பத்தாருக்குச் சில குறிப்புகள்: சொறி எனச் சந்தேகித்தால் தோட்ட மருந்துச்சாலைக்கோ அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ செல்லுங்கள். பெர்மெத்ரின் களிம்பு கொடுத்தால், பெரியவர்கள் கழுத்துக்குக் கீழே உடல் முழுவதும், விரல் இடுக்கு விடாமல் இரவில் பூசிக் காலையில் கழுவவேண்டும். வீட்டார் அனைவரும் ஒரே இரவில் பூசவேண்டும். ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவரைக் கேட்டே பூசுங்கள். அன்றே உடுதுணியையும் படுக்கைத் துணியையும் சுடுநீரில் அலசி வெயிலில் காயவிடுங்கள். துவைக்க முடியாத கம்பளியைப் பையில் கட்டி நான்கைந்து நாள் வைத்தால், மனித உடலின்றிப் பூச்சி மடிந்துபோகும். மருந்துக்குப் பிறகும் சில வாரம் அரிப்பு நீடிக்கலாம், அஞ்சவேண்டாம்.

எல்லா அரிப்பும் சொறியல்ல. நுவரெலியாக் குளிரில் தோல் வறண்டு வெடித்தாலும் அரிக்கும். அதற்குக் கொதிநீர்க் குளியலையும் காரமான சவர்க்காரத்தையும் குறைத்து, ஈரம் உலருமுன் தேங்காயெண்ணெய் தடவுங்கள். உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் தெரிந்தால் தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்; அது தொழுநோயாக இருந்தாலும் இன்று முற்றிலும் குணமாகும்.

அந்தச் சிறுமியை மீண்டும் காணவேண்டுமென்று அதே தோட்டத்திற்குச் சென்றேன். குடும்பம் கொழும்புப் பக்கம் பிழைக்கப் போய்விட்டது என்றார்கள். அவளுக்குத் தரவேண்டிய ஆசீர் இன்னும் என் கையில் கடனாக நிற்கிறது.

வாசகரே, இந்த வாரம் உங்கள் லயத்தில் ஒரு தாய் தயங்கித் தயங்கி ஏதோ சொல்ல வரலாம். குடத்தைத் தள்ளி வைக்காதீர்கள். "எங்க வீட்டுக்கும் சேர்த்து மருந்து எடுத்துட்டு வருவோம், வா" என்று அவளோடு நடந்து செல்லுங்கள்.